பன்னிரண்டு சுரம்

லோகேஸ்வரனின் இசைக் கீபோர்டை ஜிந்துப்பிட்டியில் இருக்கும் இராமர் என்பவர் தன் மகளுக்காக வாங்கிக்கொண்டு போனார். வெள்ளவத்தையில் லோகேஸ்வரனுடைய அறை சிறியது. இனி லெப்டொப்பில் இருக்கும் மென்பொருளே போதும். மனிதக் கையால் முடியாததையும் அது வாசிக்கும்.

மூன்றாம் நாள் மாலை இராமர் அவனுக்குப் போன் செய்தார்.

“தம்பி, புள்ளயோட வெரல் தானா ஓடுது. கைய எடுக்க முடியலங்குறா.”

லோகேஸ்வரன் அப்போது லெப்டொப்பில் ஓடவிட்டிருந்த மெட்டு போனில் இராமரின் பக்கமிருந்தும் கேட்டது. அதை அவன் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. நிறுத்தினான். அங்கும் நின்றது. சிறுமி அழத் தொடங்கினாள்.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணே. அடுத்த இடத்தில பன்னிரண்டு சுரம் ஒண்டா வருது. வடிவாக் கேக்குதோ எண்டு சொல்லுங்கோ.”

“ஐயோ தம்பி, புள்ளைக்குப் பத்து வெரல்தானே!”

அவன் ஓடவிட்டான். போனில் பன்னிரண்டும் சுத்தமாகக் கேட்டன.