கப்பலுக்கும் ஆயுசு கெட்டி

கல்யாணராமன் ஜட்காவில் பித்தளை அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தபோது அபயாம்பாள் வந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் ஆயுசு சொன்னேளே, இப்ப உங்க ஆயுசு மேலயே சந்தேகம் வந்துடுத்தா? எங்கே ஓடறேள்?"

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூரே மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஏப்ரல் மாதம் அது. தெருவில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது.

அபயாம்பாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேற்றுத்தான் தந்தி வந்தது. இலங்கைக் கடலில் கப்பல் மூழ்கிவிட்டது. கரையேறியவர்களில் அவள் பிள்ளை கிச்சா இல்லை.

கிச்சாவுக்கு விமானம் தாங்கிக் கப்பலில் ஸ்டோர் குமாஸ்தா வேலை. போகலாமா என்று கேட்க வந்தபோது இந்த மனிதர் ஜாதகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கப்பலின் பெருமையைக் காலட்சேபம் செய்ய ஆரம்பித்துவிட்டார். துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கிறவர் அல்லவா?

ஆப்பிரிக்கக் கரையில் பிரெஞ்சுக்காரனை அடித்த கப்பலாம். கொட்டும் மழையில் இன்னொரு கப்பலோடு மோதி, மூக்கு நசுங்கியதோடு தப்பியதாம். பாரசீக வளைகுடாவையும் பார்த்துவிட்டு வந்ததாம். கப்பலுக்கும் ஆயுசு கெட்டி, பையனுக்கும் ஆயுசு கெட்டி, எண்பதுக்குக் குறையாது என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

எண்பதாம்! இருபத்தாறுகூட முடியவில்லை.

அதிலும் என்ன கொடுமை! குண்டு விழுந்த நேரத்தில் அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லையாம். பெயர் மட்டும் விமானம் தாங்கி. வெள்ளைக்காரனுக்கு யார் வீட்டுப் பிள்ளையானால் என்ன?

அவள் குனிந்து தெருமண்ணை வாரித் தூற்றினாள். மருமகள் நீரஜா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணராமன் அண்டாவைக் கீழே இறக்கி வைத்தார்.

"மாமி, நீங்க சொன்ன நேரத்துக்குத்தானே கட்டம் போட்டேன்? சூரியோதயத்துக்கு அப்புறம் பொறந்தான்னுதானே சொன்னேள்?"

"அதேதான் மாமா," என்று நீரஜா அழுதாள். "அந்த ஜாதகத்தைப் பார்த்துத்தானே எங்கப்பா என்னைக் குடுத்தார்."

கிச்சா பிறந்தது சூரியோதயத்துக்கு முன்னால். அந்த நேரத்துக்குக் கும்பகோணத்தில் கணித்த ஜாதகத்தில் ஜலகண்டம் இருந்தது. தண்ணீரில்தான் உயிர் போகும் என்றார்கள். அதைக் கேட்டுப் பெண் கொடுக்க வந்தவர்களெல்லாம் நழுவினார்கள். அபயாம்பாள் அந்த ஜாதகத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, கல்யாணராமனிடம் வேறு நேரத்தைச் சொன்னாள்.

கப்பல் வேலைக்குப் போகலாமா என்று கேட்க வந்த அன்றாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நீரஜா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இன்றும் நிற்கிறாள்.

அபயாம்பாள் கடிவாளத்தை விடவில்லை. தெருக்கோடி வரை கேட்கும்படி கல்யாணராமன் முகத்துக்கு நேரே கத்தினாள்.

"பொய்! நீங்க பார்த்த ஜோசியமே பொய்!"