ஓரடி வலப்பக்கம்

ஸ்பீக்கர்களைத் திருப்பிக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். கடை ஆறு மணி வரை. அதற்குள் பாடகியின் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வந்து நிற்காவிட்டால், இரண்டையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டாள் மனைவி.

குரல் நடுவிலிருந்து ஓரடி வலப்பக்கம், அலமாரியை ஒட்டியே நின்றது. டேப் பிடித்து அளந்தேன். நாற்காலியிலிருந்து இரண்டு பெட்டிகளும் சரியாக ஏழடி. வயர்களை மாற்றிச் செருகினேன். பெட்டிகளை இடம் மாற்றினேன். அலமாரியையே அறைக்கு வெளியே தள்ளினேன். குரல் நகரவில்லை.

“காலையிலேருந்து அதுங்கள ஊர்வலம் விடுறீங்க. பெட்டிக்கே கால் வலிச்சிருக்கும்,” என்றாள்.

“உனக்கும் அந்தப் பக்கந்தானே கேக்குது?”

“ஆமா. அதான் திருப்பிக் குடுங்கன்னு சொல்றேன்.”

ஐந்து மணிக்கு எரிச்சல் தலைக்கேறிப் பாட்டை நிறுத்தினேன். பிளக்கைப் பிடுங்கினேன். வயர்களைக் கழற்றி, சுவரோரம் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தேன். பாதி சுற்றுவதற்குள் பாட்டு மறுபடி தொடங்கியது.

“அப்பாடா,” என்றாள், நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவள். “இப்பதான் நடுவுல நிக்கிறா. இனிமே எதையும் தொடாதீங்க.”

அவள் சொன்னது சரி. குரல் ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை. வயர் என் கையில் இருந்தது. நாள் முழுக்க முதுகு ஒடிந்தது வீண் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

“சத்தந்தான் கொஞ்சம் ஜாஸ்தி,” என்றாள்.

எழுந்து போனேன். நான் வால்யூம் குமிழைத் தொடுவதற்கு முன்பே பாடகி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.