பாலைவனத்தில் ஒரு படகு

செச்சூரா பாலைவனத்து நடுவே படகில் அமர்ந்திருக்கிறார் ஹசிந்தோ புரிசாக்கா. பெரு நாட்டுக் கரையோரக் குளிர்நீரோட்டம் இந்த வருடம் அடங்கி, சூடான நீர் வந்துவிட்டது. நெத்திலி விலகிப் போயிற்று. அந்தச் சூடே மழையாகக் கொட்டி மணலை ஏரியாக்கிவிட்டது. நான்கு தலைமுறையாகக் கடலில் மட்டுமே வலைவீசிய குடும்பம், லாரியில் படகேற்றி இங்கே வந்திருக்கிறது. மடவை மீன் துள்ளும் பழுப்புத் தண்ணீரில் வெயில் கண்ணைக் குத்துகிறது. பெரியவர் முதுகு வளையாமல் இருக்கிறார், வலையைத் தொடமாட்டார்.

மகன் ரோமுலோ இழுக்கிற வலை அடியில் எதிலோ மாட்டிக்கொள்கிறது. "ஒரு கை பிடிங்கப்பா. குட்டை மீனும் மீனுதான்."

"குட்டையில கைவைக்கிற வம்சமாடா நாம?"

மேட்டில் நாலு ஆடுகளோடு நிற்பவன் கத்துகிறான்: "பாத்து இழுங்கய்யா, அது என் பட்டி வேலி! உங்க கடல் எங்க ஊரை முழுங்கிச்சு. மிச்சத்தை வாரிக்கிட்டுப் போக நீங்களும் வந்துட்டீங்களாக்கும்!"

பெரியவர் மகன் பக்கம் திரும்புகிறார். "வலையை அறுத்து விடு, போகலாம்."

"அறுத்துட்டு? உங்க பேரப்பிள்ளைங்களுக்கு வம்சத்தையா சமைச்சுப் போடறது?"

ஆடு ஒன்று கத்துகிறது. பெரியவர் மேட்டுப் பக்கம் பார்க்காமல் குனிந்து வலையைப் பற்றுகிறார். இருவருமாக இழுக்க, மீன்களோடு வேலிக் கம்பும் பிடுங்கிக்கொண்டு வருகிறது.