கறுப்பு பார்டர்

அப்பா இறந்த காலையில் வெப் டெவலப்பர் மதிவதனி, கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைத் தானே வடிவமைத்தாள். கறுப்பு பார்டர், நடுவில் அப்பா படம், கீழே 'மாலை நான்கு மணிக்குத் தகனம்'. அண்ணன் முதல் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். இப்போதெல்லாம் யார் போன் போட்டுச் சாவு சொல்கிறார்கள்?

அந்தப் பக்கத்தைச் செய்த கருவி, பார்ப்பவரின் மனசுக்கு ஏற்றபடி நிறத்தையும் வார்த்தையையும் மாற்றிக் காட்டும். அவள் கம்பெனி செய்ததுதான். யாரும் முகம் வாடிப் பக்கத்தை மூடிவிடக் கூடாது என்ற விதியை எழுதியவளே அவள். அதற்குக் கைதட்டெல்லாம் வாங்கியிருந்தாள். இன்றைக்கு அதை அணைத்து வைக்கத் தோன்றவில்லை.

மூன்று மணியாகியும் பந்தலில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அவள் போனில் மட்டும் இதயங்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்துகொண்டிருந்தன.

"கொள்ளி வைக்க வேண்டியவனையே காணோமேம்மா. எவ்வளவு நேரம் போட்டு வைக்கிறது?" என்றார் பக்கத்து வீட்டுச் சித்தப்பா.

அப்போதுதான் ஓசூரிலிருந்து அண்ணன் குணாளன் அழைத்தான். போன மாதம் நெஞ்சில் ஆபரேஷன் ஆனவன்.

"எங்கண்ணே வந்துக்கிட்டிருக்க?"

"வீட்லதான் இருக்கேன் வதனி. நீ அனுப்புன பக்கத்தை இப்பத்தான் பாத்தேன். மஞ்சள் பார்டரு, சுத்திலும் பூவு, அப்பா என்னமா சிரிக்கிறாரு! நாலு மணிக்கு ஏதோ விசேஷம்னு போட்டிருக்க. இந்த உடம்போட என்னால வர முடியாது. போனை அப்பாகிட்ட குடு, ஆசீர்வாதம் வாங்கிக்கிறேன்."