பூஜையில் வைத்தது

லேப்டாப்பை அப்பா சரஸ்வதி படத்தின் காலடியில் வைத்து, மூடியில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார். கடைக்காரர் சொன்னபடி வாரம் தவறாமல் மெல்லிய துணியால் அதைத் துடைக்கிறவர், கை கழுவாமல் தொட்டால் கத்துகிறவர், இன்று சாம்பிராணிப் புகைக்கு நடுவில் வைத்திருந்தார். தமயந்தி ஒரு மாதம் உழைத்துச் செய்தது அதற்குள் இருந்தது. ஐந்து மணிக்குள் சிங்கப்பூர் கம்பெனிக்கு அனுப்பவில்லை என்றால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

"பத்து நிமிஷம்ப்பா. அனுப்பிட்டுத் திரும்ப வெச்சிடறேன்."

"பூஜையில வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும். ஒரு நாள் எடுக்கலேன்னா குடியா முழுகிடும்?" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல். காலையிலிருந்து அவர் செல்போனில் ஊருக்கெல்லாம் ஆயுத பூஜை வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். கிண்ணத்துச் சந்தனத்தை வழித்து அதன் முகத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். அதன்மேல் குங்குமம். லேப்டாப்பின் மேல் அதை வைத்து, ஒரு சாமந்தியையும் கிள்ளிப் போட்டாள்.

போன் அடித்தது. அப்பாவின் கை தானாக நீண்டது.

"நாளைக்குத்தான்," என்றாள் தமயந்தி.

போன் பூவோடு அதிர்ந்துகொண்டே இருந்தது. நீட்டிய கையை அவர் மடக்கவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை. மணி நாலே முக்கால்.