தேனீக்களின் நாலாவது மனு

பாறையிடுக்குக் கூட்டில் இடம் போதாமல் ஆற்றைக் கடந்து வந்து, இலுப்பை மரத்தில் கூடு கட்டிய தேனீக்களில், எல்லோருக்காகவும் மனு எழுதிக் கொடுப்பவள் பூவாத்தாள். "சேர்க்கும் தேனில் பாதி தாய்க்கூட்டுக்கு" என்று பாறை ராணி உத்தரவு போட்டதும், இலையில் மெழுகால் பணிவாக எழுதினாள்: "கொஞ்சம் குறைக்கக் கூடாதா? இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த பிள்ளைகள்."

பதிலுக்கு இன்னோர் உத்தரவுதான் வந்தது. கேட்காமல் எந்தப் பூவிலும் உட்காரக் கூடாதாம். அதற்கும் மனு போட்டாள். காவல் என்ற பேரில் பாறையிலிருந்து நாலு குளவிகள் வந்து, குஞ்சுகளின் அறைகளில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டன. மூன்றாவது மனுவுக்குத் தூது போன தும்பி, வாய்ச்சொல்லாகப் பதில் கொண்டுவந்தது.

"பிள்ளைகளுக்கு என்ன பேச்சு வேண்டிக்கிடக்குன்னு ராணியம்மா கேக்கறாங்க."

பூவாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று தடவையும் அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்தது அவள்தானே!

புது இலையை எடுத்தாள். "குளவிகளை இன்று வெளியேற்றுகிறோம். இனித் தேன் வராது. இப்படிக்கு, இலுப்பை மரத்துத் தேனீக்கள்." கூட்டிலிருந்த அத்தனை தேனீக்களும் வந்து, அதன் கீழே கால் பதித்துவிட்டுப் போயின.

படித்துப் பார்த்த தும்பி பதறியது. "பூவாத்தா, கடைசியில 'பிள்ளைகள்' விட்டுப்போச்சே! இதைக் கொண்டுபோனா பாறையிலிருக்கிற குளவியெல்லாம் திரண்டு வருமே!"

"வரட்டும். வழி தவறிடக் கூடாதுன்னுதான் விலாசத்தைத் தெளிவா எழுதியிருக்கேன்" என்றாள் பூவாத்தாள்.