செவலை கடித்தது

“ஏலே பேச்சி, மனசாட்சியத் தொட்டுச் சொல்லு. செவலையா உன்னையக் கடிச்சுச்சு?”

டீ வடிகட்டியும் கையுமாகக் கடையிலிருந்து இறங்கி வந்த ஜோதிலட்சுமி போட்ட சத்தத்தில், கூடலூர் ஜீப் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

ஜீப் டிரைவர் பேச்சிமுத்து, முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தன் வண்டியில் சாய்ந்து நின்றான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி இன்றைக்குக் கிளம்பவே இல்லை.

“ஆமாக்கா. விடியக்காலம் கடிச்சுச்சு.”

“அடப்பாவி! அந்த நாயி மூணு நாளா எந்திரிக்க மாட்டாமக் கடைக்குப் பின்னால சுருண்டு கிடக்கு. என்ன நோவுன்னே தெரியல. வச்ச சோத்த மோந்துகூடப் பாக்கல. அது உன் காலத் தேடி வந்து கடிச்சுச்சாக்கும்!”

பேச்சிமுத்து ரோட்டை எட்டிப் பார்த்தான்.

அதற்குள் நாய் பிடிக்கும் வண்டி வந்து நின்றது. கால்நடை டாக்டரும், வலையோடு இரண்டு பேரும் இறங்கினார்கள்.

“கடிச்ச நாய் எதுங்க?”

அவன் கடைக்குப் பின்னால் கையைக் காட்டினான். ஜோதிலட்சுமி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“சார், எட்டு வருசமா இங்கனதான் கிடக்கு. ஒரு பச்சப்பிள்ளையப் பாத்துக்கூடக் குரைச்சதில்ல. இவன் பேச்சக் கேட்டுத் தூக்கிட்டுப் போயிராதீக!”

“கடிச்சதுன்னு புகார் வந்தா எடுத்தே ஆகணும்மா.”

வலையைப் போட்டுத் தூக்கியபோது செவலை முனகியது. அவ்வளவுதான். வண்டிக் கதவைச் சாத்தினார்கள். ஜோதிலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“எத்தனை நாள் உன் ஜீப்புக்குக் காவல் கிடந்துச்சு! நீயெல்லாம் நல்லாயிருப்பியா? இனிமே என் கடைப் பக்கம் வந்துராத!”

திட்டிக்கொண்டே உள்ளே போனவள், ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து அவன் பக்கத்தில் ‘டக்’கென்று வைத்தாள்.

“உக்காரு. கடிபட்ட காலோட எம்புட்டு நேரம் நிப்ப? இந்தா, டீயும் பன்னும். வெறும் வயித்தோட ஊசி போடப் போயிராத.”

இவளிடம் பொய் சொல்கிறோமே என்று அவனுக்கு உறுத்தியது. கிளாஸை ஸ்டூலில் வைத்துவிட்டு, டாக்டரிடம் போய் நின்றான்.

“துண்டை அவிழுங்க. கடி ஆழமான்னு பார்த்து, புகார்ல எழுதிக்கிறேன்” என்றார் டாக்டர்.

“அது கடிக்கல சார்” என்றான் மெதுவாக. “அதோட தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு, விடியக்காலந்தான் பாத்தேன். கைய உள்ள விட்டு எடுக்கப் பாத்தேன், அப்பக்கூட அது கடிக்கல. ‘நாய் சாகக் கிடக்கு, வாங்க’ன்னு மூணு நாளா உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன், ஒருத்தரும் வரல. இன்னைக்கு ‘கடிச்சிருச்சு’ன்னு சொன்னேன், ஒரு மணி நேரத்துல வந்துட்டீக!”